செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில்

அடையாறில் எங்கள் வாசகர் வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை கூடுகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். பெரும்பாலும் தரமணியில் ஐ.டி. வேலை பார்க்கும் இளைஞர்கள். அறுபதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். இந்த மாதம் படிக்க எடுத்துக்கொண்டது ஒரு சஸ்பென்ஸ் நாவல், வெளிநாட்டு முதலீட்டு வங்கி ஒன்றில் நடக்கும் கதை.

"மேடம், நீங்க ஷேர் புரோக்கிங் ஆபீஸ்ல இருந்தவங்க. இதெல்லாம் நெஜமா இப்படித்தான் நடக்குமா? இந்தத் தடவை நீங்களே எழுதிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

நானூறு பக்க நாவலை நாலு நாளில் படித்தேன். கையில் எடுத்தால் வைக்க மனசு வராத எழுத்து. வங்கியில் கணக்குகளைச் சரிபார்க்கும் ஒரு பெண், தன் டைரக்டர் வாடிக்கையாளர்களின் பணத்தை வைத்துச் சூதாடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். அதற்குப் பிறகு துரத்தல். ஒருவர் மாடியிலிருந்து விழுகிறார். ஒரு ஹார்ட் டிஸ்க் மூன்று கை மாறுகிறது. கடைசியில் விமான நிலையத்தில் டைரக்டர் பிடிபடுகிறார்.

ஆசிரியருக்கு டீலிங் ரூம் தெரிந்திருக்கிறது. மார்க்கெட் விழுகிற நாளில் அங்கே யாரும் கத்த மாட்டார்கள், எல்லாருடைய குரலும் இறங்கிவிடும் என்று எழுதியிருக்கிறார். அது உண்மை. நஷ்டத்தில் இருப்பவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் தண்ணீர் குடிப்பான் என்று எழுதியிருப்பதும் உண்மை.

எனக்கு உறுத்திய இடங்கள் இரண்டு. நாவலில் பணம் போனவர்களின் முகம் எங்குமே வரவில்லை. 'முதலீட்டாளர்கள்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறார்கள். இரண்டாவது, திருட்டைக் கண்டுபிடித்த பெண் மேலிடத்தில் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது மொத்தமே அரைப் பக்கம். காபி ஆறுவதற்குள் முடிவெடுத்துவிடுகிறாள்.

அந்த அரைப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் அந்த அரைப் பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. நாவலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம்.

1. கேட்கிற வேலை

எங்கள் ஆபீஸ் தி. நகரில், பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் இருந்தது. டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பிறகு அக்கவுண்ட்ஸ். அதற்கான பரீட்சைகளை எழுதித் தேறி, நாற்பத்தெட்டு வயதில், விதிகள் மீறப்படாமல் கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் ஆனேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு அது என்ன வேலை என்று கடைசி வரைக்கும் புரியவில்லை. "ஊர் பேசறத ஒட்டுக் கேக்கறதுக்கா சம்பளம் குடுக்கறான்?" என்று கேட்டார். ஒரு விதத்தில் அது சரிதான்.

வாடிக்கையாளர் போனில் ஆர்டர் கொடுத்தால் அந்தப் பேச்சு பதிவாகும். அவர் சொல்லாமல் அவர் கணக்கில் டீலர் எதையும் வாங்கவோ விற்கவோ கூடாது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பதிவுகளில் சிலவற்றை எடுத்துக் கேட்பது என் வேலைகளில் ஒன்று. ஸ்டேஷனரி சாமான் வைக்கிற சின்ன அறையைக் காலி செய்து எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன், ஒரு டேபிள் ஃபேன்.

முதல் நாள் முப்பது பேச்சுகள் கேட்டேன். ஆர்டரை விட அதற்குப் பின்னால் இருக்கும் சத்தங்கள்தான் காதில் நின்றன. குக்கர் விசில், பஸ் கண்டக்டரின் குரல், எங்கோ ஓடும் சீரியல். நாளாக ஆக, பேசுகிறவர் யார் என்று கிளையண்ட் கோட் எண்ணைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். முகம் மறந்துபோகிறது. குரல் எனக்கு மறப்பதில்லை.

எங்கள் டீலர்களில் மூத்தவர் ரகு. பதினோரு வருஷம் மதியச் சாப்பாட்டை ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம். அவர் மனைவி சுகுணா சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி ஒன்பது நாளும், நான் ஆபீஸ் போய்வருகிற நேரமெல்லாம் அவள்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டவள். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

2. நிம்மதியாக இருந்த போன்

ஒரு திங்கட்கிழமை அலமேலு டீச்சர் ஆபீசுக்கு வந்தார். மயிலாப்பூரில் தனியாக இருப்பவர், எழுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் சம்பளத்திலும் போனஸிலும் மிச்சம் பிடித்து முப்பது வருஷமாக வாங்கிச் சேர்த்த ஷேர்கள், அவர் போன பிறகு டீச்சர் பேரில் எங்கள் கம்பெனியில் இருந்தன. நாமினி பெயரை மாற்ற ஃபாரம் வாங்க வந்திருந்தார்.

ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே சொன்னார். "முன்னெல்லாம் உங்க கம்பெனிலேந்து மெசேஜ் வந்துண்டே இருக்கும். கணக்குல இவ்வளவு இருக்கு, இது ஏறிடுத்துன்னு. இப்போ ஒண்ணும் வரதில்லை. நிம்மதியா இருக்கு. நீங்களே நிறுத்திட்டேளா?"

நாங்கள் நிறுத்துவதில்லை. நிறுத்தவும் முடியாது.

"கடைசியா எப்ப டீச்சர் எதையாவது வித்தீங்க?" என்று கேட்டேன்.

"நானா? ஆத்துக்காரர் வாங்கி வச்சது. நான் ஒண்ணையும் விக்கலை. எதுக்குக் கேக்கறேள்?"

"சும்மாதான் டீச்சர்."

அவர் போன பிறகு கணக்கைத் திறந்து பார்த்தேன். பதிவில் இருந்த மொபைல் நம்பர் எட்டு மாதத்துக்கு முன்னால் மாற்றப்பட்டிருந்தது. மெயில் ஐ.டி.யும் அதே நாளில் மாறியிருந்தது. மாற்றச் சொல்லும் ஃபாரத்தில் கையெழுத்து டீச்சருடையதுதான். கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு கட்டுக் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் பத்தோடு ஒன்றாக அவர் போட்டுக் கொடுத்திருப்பார். ஃபாரத்தைக் கொண்டுவந்தவர் பெயர் இருக்கும் கட்டத்தில் ரகுவின் கையெழுத்து இருந்தது.

நாற்பத்தோரு லட்சத்துக்கு இருந்த ஷேர்கள் இருபத்திரண்டு லட்சமாகியிருந்தன. எட்டு மாதத்தில் முன்னூறுக்கு மேல் ஆர்டர்கள்.

அப்போதும் நான் ரகுவைச் சந்தேகப்படவில்லை. ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் பதிவு இருக்கும், டீச்சர் மறந்திருப்பார், வயசாகிறது என்றுதான் நினைத்தேன். நாளைக்குக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று வீட்டுக்குப் போனேன்.

3. மாவு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபது. டீ வந்திருந்தது.

பதிவுகள் சரியாக இருந்தன. ரகு போன் செய்கிறார். எந்த ஷேர், எத்தனை, என்ன விலை என்று முறைப்படி சொல்கிறார். ஒரு பெண் குரல், "ஆத்துலதான் இருக்கேன். சரி, பண்ணிடுங்கோ" என்கிறது. அடுத்த பதிவு. "சரி, பண்ணிடுங்கோ." அதற்கு அடுத்தது. அதே.

நேற்றுத்தான் டீச்சரின் குரலைக் கேட்டிருந்தேன். இது அவர் குரல் இல்லை என்பது மூன்றாவது பதிவிலேயே தெரிந்தது. அதே நேரம் இது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். யார் என்று பிடிபடவில்லை. தெரிந்தவர் ஒருவர் வேறு ஒருவர் மாதிரி பேசினால் காது தடுமாறுகிறது.

ஏழாவது பதிவில் பிடிபட்டது. "சரி, பண்ணிடுங்கோ" என்று சொல்லி முடித்த பிறகு லைன் உடனே துண்டிக்கப்படவில்லை. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து அந்தக் குரல் மெதுவாக, தன் சொந்தப் பேச்சில் சொன்னது: "வீட்டுக்கு வரசொல்ல மாவு வாங்கினு வா."

சுகுணா.

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டேன். எத்தனை முறை கேட்டேன் என்று நினைவில்லை. டீ ஆடை கட்டிவிட்டது. என் அறையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ரகு உட்கார்ந்து யாருக்கோ சிரித்துக்கொண்டே விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

விதி தெளிவாக இருக்கிறது. கணக்கை உடனே முடக்க வேண்டும். எங்கள் டைரக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மூன்றையும் செய்ய அரை மணி நேரம் போதும். மதியச் சாப்பாட்டை ரகுவோடு சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் கூட்டு எடுத்து வைத்தார். தின்றேன்.

4. மந்தைவெளி

சாயங்காலம் ஐந்து மணிக்கே கிளம்பி, ரகு வருவதற்கு முன்னால் மந்தைவெளியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுகுணா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள்.

"இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற? உக்காரு, டீ போடறேன்."

"டீ வேணாம். சுகுணா, அலமேலு டீச்சர் மாதிரி போன்ல பேசறது நீதானே?"

அவள் மறைக்கவில்லை. அதுதான் என்னை அதிகமாகக் கலங்கடித்தது.

"ஆமாங்க்கா. அந்தம்மாவுக்கு காது கேக்காதாமே. போன்ல எத்தினி கத்தனாலும் புரியலையாம். அவங்க ஓகே சொல்லிட்டாங்க, சும்மா ரெகார்டுக்கு நீ ரெண்டு வார்த்த சொல்லிடுன்னாரு. அவங்க மாதிரி பேசணும்னாரு. ஏன்க்கா, தப்பா?"

"அவங்களுக்குக் காது நல்லாவே கேக்குது."

மடித்த துணி அவள் கையிலேயே இருந்தது.

"பெரிய தப்பு சுகுணா. அவங்க காசு பாதி போயிடுச்சு."

"பாதியா?" என்றாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவருக்கு இன்னா ஆகும்?" என்று கேட்டாள். "எனக்கு?" என்று அவள் கேட்கவே இல்லை.

"அவர ஒரு வார்த்த கேட்டுட்டு அப்புறமா எழுதுக்கா. அவர் வாயால இன்னா சொல்றாருன்னு கேளு. உன் கால்ல வேணா விழறேன்."

"அதெல்லாம் வேணாம். கேக்கறேன்" என்றேன்.

மந்தைவெளியிலிருந்து அலமேலு டீச்சர் வீடு நடக்கிற தூரம். அந்தத் தெரு முனை வழியாகத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். திரும்பவில்லை.

5. புதனும் வியாழனும்

புதன் காலை ரகு மாடிப்படியில் எனக்காகக் காத்திருந்தார். முந்தின இரவு தூங்கியிருக்கவில்லை என்று கண் சொன்னது.

"ஸ்டெல்லா, ஒரு பைசா நான் எடுக்கலை. என் பேங்க் அக்கவுண்ட்டைப் பாருங்க. புரோக்கரேஜ் டார்கெட்டுக்காக ஆரம்பிச்சேன். போன வருஷம் டார்கெட் அடிக்காதவங்களை எப்படி வெளிய அனுப்பினாங்கன்னு நீங்களும் பாத்தீங்க. அந்தம்மா ஷேரை வாங்கி வித்தா கமிஷன் வரும், அவங்களுக்கும் லாபம் காட்டலாம்னு நினைச்சேன். முதல் மாசம் லாபந்தான். அப்புறம் விழுந்துச்சு. விட்டதை எடுத்துடலாம்னு மறுபடி போட்டேன். இன்னும் விழுந்துச்சு."

"டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே ரகு."

"எப்படிச் சொல்றது? போனா 'வாங்கோ, மோர் சாப்பிடறேளா'ன்னு கேக்கறாங்க."

பிறகு கேட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. மச்சினன்கிட்ட, சொந்தக்காரங்ககிட்ட கேட்டு முடிஞ்ச வரைக்கும் புரட்டறேன். நானே டைரக்டர்கிட்ட போய் சொல்லிடறேன். நானா சொன்னதா இருக்கட்டும். சுகுணா பேர் வெளிய வராம பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் அந்த அக்கவுண்ட்ல கை வைக்க மாட்டீங்களே?"

"சத்தியமா வைக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன். வார்த்தையாகக் கூடச் சொல்லவில்லை. கணக்கை முடக்க வேண்டும் என்று தோன்றியது. முடக்கினால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் டைரக்டர் பார்ப்பார். அதனால் முடக்கவில்லை.

வியாழக்கிழமை எக்ஸ்பைரி நாள், மார்க்கெட்டில் ஊக ஒப்பந்தங்கள் காலாவதியாகும் நாள். அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு சந்தேகம் வந்து டீச்சரின் கிளையண்ட் கோட் எண்ணை டைப் செய்தேன். எண்டரை அழுத்தவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அடித்த எண்ணை அழித்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

மூன்றரைக்கு மார்க்கெட் முடிந்தது. எல்லாரும் எழுந்து கை கால் நீட்டினார்கள். ரகு மட்டும் ஹெட்செட்டைக் கழற்றாமல் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் அறைப் பக்கம் திரும்பவில்லை.

வெள்ளி காலை அவர் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். ஒன்பதேகால் மணிக்கு எண்டரை அழுத்தினேன்.

புதன்கிழமையே பெரும்பாலான ஷேர்களை விற்றிருந்தார். வியாழக்கிழமை அந்தப் பணத்தில், அன்றே காலாவதியாகும், பந்தயம் மாதிரியான ஆப்ஷன்களை வாங்கியிருந்தார். இரண்டு நாளில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்ற கணக்கு. சாயங்காலத்துக்குள் அவை ஒன்றுமில்லாமல் போயின. இருபத்திரண்டு லட்சம் இருந்த இடத்தில் மூன்று லட்சத்துச் சொச்சம் மிஞ்சியிருந்தது.

நான் மந்தைவெளிக்குப் போயிருக்காவிட்டால் அவர் இப்படிப் பாய்ந்திருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை என்று ஒரு கெடு இல்லாவிட்டால் வியாழக்கிழமைக்கு அவசரம் இருந்திருக்காது.

கணக்கை முடக்கிவிட்டு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது சுகுணாவிடமிருந்து போன். காலையில் ஆறு மணிக்கு வெளியே போன மனுஷன் வரவில்லை, அவள் தம்பி தேடிப் போயிருக்கிறான் என்றாள். என் கை டைப் செய்துகொண்டே இருந்தது. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். பதினொன்றரைக்கு மறுபடி கூப்பிட்டாள். "பாலவாக்கம் பீச்சுல உக்காந்துகினு இருந்தாராம்க்கா. தம்பி இட்டாந்துட்டான்." உடனே வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

6. ஒரு தேதி

ரிப்போர்ட்டின் முதல் வரியில், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு இதைக் கண்டுபிடித்தேன் என்று எழுதியிருந்தேன். ரகுவிடமும் சுகுணாவிடமும் பேசியதை அடுத்த பாராவில் எழுதியிருந்தேன்.

டைரக்டர் இரண்டு முறை படித்தார். கெட்டவர் இல்லை. என் மகனின் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கேட்டபோது மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டவர்.

"ஸ்டெல்லாம்மா, ரகு விஷயம் சரி. போலீஸுக்குப் போகணும்னா போவோம். ஆனா இந்த செவ்வாய்க்கிழமை எதுக்கு?"

"அன்னைக்குத்தான் சார் தெரிஞ்சது."

"இன்னைக்குக் காலைல தெரிஞ்சதுன்னு போடுங்க. கம்ப்ளையன்ஸ் ஆபீசருக்குத் தெரிஞ்சா கம்பெனிக்குத் தெரிஞ்ச மாதிரி. செவ்வாய்க்கிழமை தெரிஞ்சும் கம்பெனி சும்மா இருந்துச்சுன்னு ஆயிடும். அதுக்கப்புறம் போன அத்தனை பணத்தையும் நாமதான் குடுக்கணும். உங்க வேலையும் போகும். நான் சொல்றது உங்களுக்கும் நல்லதுதானே?"

"பதிவை நான் எப்ப போட்டுக் கேட்டேன்னு சிஸ்டத்துல இருக்கும் சார்."

"அது ஐ.டி. ஆளுங்ககிட்ட சொல்லிக்கலாம். ஒரு தேதிதானே."

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. வீட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தேதியை மாற்றினேன். செவ்வாயை அழித்து வெள்ளி என்று அடித்தேன். மாடிப்படிப் பேச்சையும் மந்தைவெளியையும் எடுத்தேன். பிரிண்ட்டும் எடுத்தேன். முன்பை விடச் சின்னதாக, சுத்தமாக இருந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இணைப்பாக வைத்த காகிதங்களை வரிசைப்படுத்தினேன். மேலாக இருந்தது டீச்சரின் மொபைல் நம்பரை மாற்றும் ஃபாரம். ரகு எட்டு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்ததும் ஒரு நம்பரில்தான். அன்றைக்கு அவர் தன்னைத் திருடன் என்று நினைத்திருக்க மாட்டார்.

பிரிண்ட்டைக் கிழித்துப் போட்டேன். பழைய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்கு மெயில் அனுப்பிவிட்டுத்தான் டைரக்டர் அறைக்குள் போனேன். உள்ளே போன பிறகு அனுப்பலாம் என்று இருந்தால் அவர் பேச்சைக் கேட்டிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

அவர் என்னைத் திட்டவில்லை. "போங்கம்மா" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்த பிறகுதான் டீச்சருக்குப் போன் செய்து சொன்னேன்.

7. டீச்சர் வீட்டில்

விசாரணை ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு போன பணம் முழுவதையும் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதற்கு முன்னால் போனதில் ஒரு பங்குதான் கிடைத்தது. ரகுவின் டீலர் தகுதி ரத்தானது. போலீஸ் வழக்கு இன்னும் முடியவில்லை. நங்கநல்லூரில் உறவுக்காரர் ஒருவரின் பெயிண்ட் கடையில் இருக்கிறார் என்று கேள்வி. சுகுணா தானாகவே போய், டீச்சர் மாதிரி பேசியது தான்தான் என்று வாக்குமூலம் கொடுத்தாள். டீச்சரின் நம்பருக்குப் பதிலாக ரகு பதிவில் போட்டிருந்த நம்பரின் சிம்மையும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதனால் அவளை வழக்கில் சாட்சியாக வைத்தார்கள்.

என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. கடைசி இரண்டு வருஷம் அக்கவுண்ட் ஓப்பனிங் செக்ஷனில் ஃபாரம் சரிபார்த்தேன். வீட்டுக்கு எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வந்த ஃபாரம் எதுவானாலும் வாடிக்கையாளரை நானே கூப்பிட்டு, "நீங்க எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்கன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாஸ் செய்வேன். செக்ஷனில் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள்.

தீர்ப்பு வந்த வாரம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கூப்பிட்டு உட்கார வைத்தார். ரிப்போர்ட்டின் நகல் அவரிடமும் இருந்தது. கணக்கு டீச்சர் இல்லையா, வரி வரியாகப் படித்திருந்தார்.

"பணம் வந்துடுத்து" என்றார். "நீங்க தேதியை உள்ளபடி எழுதினதாலதான் வந்துதுன்னு வக்கீல் சொன்னார். அதுக்கு நமஸ்காரம்."

கையிலிருந்த நகலை மடித்து வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். செவ்வாக்கிழமை நீங்க மந்தைவெளிக்கு வந்திருக்கேள். அங்கேந்து இங்க பத்து நிமிஷம். ஏன் என்கிட்ட வரலை?"

"வந்திருக்கணும் டீச்சர்."

"அது தெரியறது. ஏன் வரலைன்னு கேக்கறேன்."

"அவங்க எனக்கு ரொம்ப வேண்டியவங்க. காப்பாத்திடலாம்னு நினைச்சேன்."

"காப்பாத்தினேளா?"

"இல்ல டீச்சர்."

"எனக்கு ஷேர் போனது கூடப் பெரிசில்லை. நான் இங்க உக்காந்துண்டு நிம்மதியா இருக்கேன்னு நினைச்சுண்டிருந்தேன். மூணு பேருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியலை. அதைத்தான் நினைச்சு நினைச்சுப் பாக்கறேன்."

உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன். மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுப்பது அவர் வழக்கம். எழுந்துகொண்டபோது வாசல் வரை வந்து, "மழை வரா மாதிரி இருக்கு, சீக்கிரம் போங்கோ" என்றார்.

உங்களில் பலர் தரமணியில் பேங்க்குகளுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் சாஃப்ட்வேர் எழுதுகிறீர்கள். ஒரு நாள் ஏதோ ஒரு திரையில் சரியில்லாத ஒன்று உங்கள் கண்ணில் படும். அதைச் செய்தவர் பெரும்பாலும் உங்களோடு டீ குடிக்கிறவராக இருப்பார். அப்போது உங்களுக்குள் இருக்கும் நல்ல குணம்தான் உங்களைத் தடுக்கும். நன்றி, சிநேகம், ஒரு குடும்பம் கெட்டுப்போகுமே என்ற பரிவு. அவற்றுக்கெல்லாம் பிறகு நேரம் இருக்கிறது. வக்கீல் வைத்துக் கொடுக்கலாம், வீட்டுக்குப் போய்க் கூட உட்காரலாம். முதல் போன் யாருடைய பணமோ அவருக்குப் போக வேண்டும்.

சுகுணா என்னோடு பேசுவதில்லை. போன மாதம் மந்தைவெளி மார்க்கெட்டில் எதிரே வந்தாள். நான் நின்றேன். அவளும் நின்றாள். என் பையில் இருந்த கீரைக் கட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், நகர்ந்து போனாள். செவ்வாய்க்கிழமையே நான் நேராக டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தாலும் அவள் என்னோடு பேசாமல்தான் இருந்திருப்பாள். ஆனால் அவள் புருஷன் அந்த எட்டு மாதத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதுமாக இருந்திருக்கும். புதனும் வியாழனும் நான் கொடுத்தவை.